பதினொரு கோடு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால்
எங்கள் ஆறு மணி வகுப்பு ஆறே முக்காலுக்குத்தான்.
சரக்கு ரயில் நகரும்வரை
அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பெட்டிகளை எண்ணுவார்கள்.
ஜெரின் ஐம்பத்தெட்டு என்பான்.
புவனா ஐம்பத்தேழு, கார்டு பெட்டி சேராது என்பாள்.
கணக்குப் பாடம் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

வகுப்பு என்றால் ஹவுசிங் போர்டு ஏழாம் பிளாக்குக்குப் பின்னால்
உடைந்த ஆட்டோக்களும் எருமைகளும் நின்ற இடம்.
அதைக் கேட்டு வாங்க மூன்று மாதம், நாலு மனு,
கவுன்சிலர் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு பந்தி பரிமாறினோம்.
தோண்டினால் மண் வரவில்லை.
டைல்ஸ், ஊசி, பால் கவர், ஒரு ஷூ,
அப்புறம் எண்ணெய் வாசனையோடு ஏதோ கறுப்பாக.
"இதுல கீரை போட்டா கீரையே செத்துப்பூடும்" என்றான் டில்லிபாபு,
லாரி டிரைவர், ஞாயிறு மட்டும் தன்னார்வலர்.

தரையை விட்டுவிட்டோம்.
காசிமேட்டில் விரிசல் விட்ட மீன் பெட்டிகள் கேட்டு வாங்கினோம்.
செங்குன்றம் பக்கத்துச் செம்மண்ணை டில்லி
வண்டி காலியாகத் திரும்பும் நாட்களில் கொண்டுவந்தான்.
நாற்பத்திரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர்.
மீன் வாடை ஒரு மாதம் போகவில்லை.
பூனைகள்தான் முதலில் சேர்ந்த மாணவர்கள்.

எண்ணூர்க் காற்று அடித்த மறுநாள்
இலைகளில் சாம்பல் படிந்திருக்கும்.
பிள்ளைகள் விரலால் இனிஷியல் எழுதுவார்கள்.
"மொதல்ல கழுவு, அப்பால புக்க எடு" என்பார் மெஹருன்னிசா அக்கா.
சனிக்கிழமை சமையல் அவர் பொறுப்பு.
கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு,
கருவாடு ஆகாதவர்களுக்குத் தனிச் சட்டி,
முருங்கைக்கீரை அடை.
ஆறில் ஒன்றைவிட நாலில் ஒன்று பெரியது என்பதை
ஜெரின் வாயாலேயே நிரூபித்தான்.

ஆடி கடைசியில் வெண்டைக்காய் குறைய ஆரம்பித்தது.
ராத்திரியில்.
செடியை உலுக்கவில்லை, கிளையை ஒடிக்கவில்லை,
கத்தியால் காம்பு நறுக்கிய சுத்தமான களவு.
கூட்டம் போட்டோம். பூட்டு என்றேன் நான்.
கேமரா என்றான் டில்லி, அவன் மச்சான் விற்கிறான்.
மெஹருன்னிசா அக்கா தலை நிமிராமல் இஞ்சி உரித்தார்.
புவனாதான் எழுந்து, "எடுக்கட்டும் சார்.
எவ்ளோன்னு எழுதி வெச்சா போதும்.
இல்லன்னா என் கணக்கு தப்பா வருது" என்றாள்.
அறுவடை நோட்டு அவள் கையில்.

நோட்டைப் பாலித்தீன் கவரில் போட்டு
பென்சிலைக் கயிற்றில் கட்டி
தகரக் கதவில் தொங்கவிட்டோம்.
பென்சில்தான் முதலில் போகும் என்று பந்தயம் கட்டினேன்.

நாலாம் நாள்,
எழுத்து ஒன்றுமில்லை.
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி
பதினொரு கோடு.
கீழே ஒரு வெண்டைக்காய் படம், மிளகாயாகவும் இருக்கலாம்.
புவனா செடி செடியாகப் போய்
ஈரம் காயாத காம்புகளை எண்ணினாள்.
"கரெக்ட்டு" என்று சிவப்பில் டிக் அடித்தாள்.

அப்புறம் ஏழு. அப்புறம் நாலு.
யார்டில் நைட் ஷிப்ட் ஆளா, இட்லிக் கடைக்காரியா,
நம் பிள்ளை ஒருத்தியின் அம்மாவா.
எனக்கு அடங்கவில்லை.
இரண்டு ராத்திரி டார்ச்சோடு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
யாரும் வரவில்லை. கோடும் இல்லை.
மறுநாள் புவனா கேட்டாள்,
"நேத்தும் முந்தாநேத்தும் அவங்க ஏன் சார் சாப்பிடல?"

டார்ச்சை டில்லியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

புரட்டாசி முதல் வாரம்
நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கவர் தொங்குகிறது.
உள்ளே மீன் தலை, குடல், செதில்,
கத்திரிப் பெட்டிகளுக்கு அதைவிட உரம் கிடையாது.
தாளில் ஒரே ஒரு கோடு, படுக்கையாக.
புவனா வரவு, செலவு இரண்டு பக்கத்தையும் விரித்து
பென்சிலைக் கடிக்கிறாள்.
"சார், இத எதுல எழுதறது?"
ரயில் இன்னும் நகரவில்லை.
ஜெரின் அந்தப் பக்கம் நாற்பதோ ஐம்பதோ எண்ணிக்கொண்டிருப்பான்.
பூனைகள் மட்டும் எல்லாம்
நேரத்துக்கு வந்துவிட்டன.